பாத்துட்டனுங்க

ஜீப்பில் கால் வைக்க இடம் இல்லாதபோதும் அவர் ஹாரன் அடிப்பார். ஒரே ஒரு முறை, சின்னதாக. ஏற்காடு பஸ் ஸ்டாண்டிலிருந்து மஞ்சக்குட்டை வரைக்கும் சாலையோரம் கை காட்டி நிற்கிறவர்கள் ஒருவரையும் விடமாட்டார். உள்ளே ஆட்கள் மடிமேல் மடியாக உட்கார்ந்திருப்பார்கள், பின்படியில் இரண்டு பேர் தொங்குவார்கள். அப்படியும் நிற்கிறவரைப் பார்த்து ஒரு ஹாரன், கூடவே இடது கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்து லேசாக விரிப்பார். இடமில்லை, அடுத்த வண்டியைப் பாருங்கள் என்று அதற்கு அர்த்தம்.

அவர் ஜீப்பில் போக ஆரம்பித்த புதிதில் எனக்கு அது எரிச்சலாக இருந்தது. நான் பள்ளிக்கூடத்தில் தாவரவியல் எடுக்கிறவள். நாள் முழுக்கச் சத்தத்தை அடக்குவதே பிழைப்பு. ஒருநாள் முன் சீட்டில் இடம் கிடைத்தபோது கேட்டே விட்டேன்.

"நிறுத்தப் போறதில்லை. அப்புறம் எதுக்குண்ணா ஹாரன்?"

"நிக்கறாங்கல்லங்க டீச்சர்," என்றார். "கண்டுக்காம போனா, பாத்தானா பாக்கலியான்னு தெரியாம அவங்க பாட்டுக்கு நின்னுட்டே இருப்பாங்க. இடமில்லீன்னு சொல்லிட்டா ஒண்ணு ஒக்காருவாங்க, இல்ல நடந்துருவாங்க."

இந்தப் பதிலை அன்றைக்கு ஒரு டிரைவரின் கிறுக்குத்தனம் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன். சிரித்த வாயைப் பின்னால் நானே பொத்திக்கொள்ள வேண்டி வந்தது. அந்த மனிதரின் ஹாரனை ஒரு இடத்தில் நிறுத்தியவள் நான். நிறுத்தியதால் வெள்ளக்கடை கிராமத்தில் ஒரு பெண்ணின் உயிர் போகப் பார்த்தது.

அவர் பெயரை எழுதப் போவதில்லை. மலையை விட்டு மகளோடு திருப்பூர்ப் பக்கம் போய்ச் சில வருஷம் ஆகிறது. பெயரை எழுதினால் யாராவது தேடிப் பிடித்துக் கைகொடுப்பார்கள், அவருக்கு அந்தக் கூச்சம் தாங்காது. எங்கள் குழுவிலும் அவருக்குப் பெயர் கிடையாது. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு புள்ளி, படம் இருக்க வேண்டிய இடத்தில் ஜீப்பின் மூஞ்சி.

குழு என்று நான் சொல்வது வாட்ஸ்அப் மாதிரியான ஒரு செயலியில் இருக்கிற குழுவை. அதில் ஒரு படத்தை அழுத்தினால் யார் யார் பார்த்தார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். காளான் என்றால் எனக்குப் பைத்தியம். தின்பதற்கு இல்லை, பார்ப்பதற்கு. ஏற்காட்டில் நாலு மழை விழுந்தால் போதும், காப்பித் தோட்டத்திலும் சில்வர் ஓக் மரத்தடியிலும் சர்ச் மதிலோரத்திலும் தினுசு தினுசாக முளைத்து நிற்கும். படம் எடுத்து வைத்துக்கொண்டு காட்ட ஆளில்லாமல் தவித்துத்தான் 'ஏற்காட்டுக் காளான்கள்' என்று ஒன்றை ஆரம்பித்தேன். என்னோடு வேலை பார்க்கிறவர்கள், சேலத்துக் கல்லூரி விரிவுரையாளர் ஒருவர், எஸ்டேட் வேலைக்குப் போகிற சிலர் என்று முதல் வாரம் பதினேழு பேர். தோட்டம் தோட்டமாகச் சுற்றுகிறவர், நிறையப் படம் போடுவார் என்று ஜீப்புக்காரரையும் நானே சேர்த்தேன்.

அவர் படம் போட்டதாக அப்போது எனக்கு நினைவில்லை. பதில்தான் போடுவார். ஜீப் நிறைகிற வரைக்கும் கிளம்பாது. அந்த இடைவெளியில் ஸ்டியரிங்கில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, வந்திருக்கிற படங்களை ஒவ்வொன்றாகத் திறந்து, ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரே சொல்லை எழுதுவார்.

"பாத்துட்டனுங்க."

அவ்வளவுதான். சில நாள் இன்னும் நாலு வார்த்தை சேரும். மழையில் நடுங்கி எடுத்த படம் என்றால், "பாத்துட்டனுங்க. நனஞ்சுட்டீங்களாட்டம் இருக்குது." விரிவுரையாளர் வித்துகளைப் பற்றி ஆறு பத்தியில் எழுதிய கட்டுரைக்கு, "பாத்துட்டனுங்க. பாதி புரிஞ்சுதுங்க." ஒரு செவ்வாய்க்கிழமை பத்தரை மணிக்கு நான் ஒரு படம் போட்டேன். "பாத்துட்டனுங்க. இன்னிக்குப் பள்ளிக்கூடம் போகலீங்களா? ஒடம்புக்கு ஏதாச்சுங்களா?" என்று வந்தது. அன்று எனக்குக் காய்ச்சல். வீட்டில் தனியாகப் படுத்திருந்தேன். என்னைக் கேட்ட ஒரே ஆள் அவர்.

யாராவது "புத்துக் காளான் கெடச்சுது, இன்னிக்குக் குழம்பு" என்று போட்டால் மட்டும் அவர் பதில் மாறும். "ஆக்கறதுக்குங்களா? அப்பக் கவுத்துக் காட்டுங்க." குடையைத் தலைகீழாகத் திருப்பி, அடிப்பக்கத்து மடிப்பைப் படம் எடுத்துப் போட வேண்டும். போடுகிற வரைக்கும் விடமாட்டார். அவருக்கு லத்தீன் பெயர் ஒன்றும் தெரியாது. தனக்குச் சந்தேகம் இருந்தால் வேண்டாம் என்று சொல்லத் தெரியும். பத்துக்கு எட்டு முறை "வேண்டாமுங்க, கொட்டிருங்க" என்றுதான் சொல்வார். திட்டிக்கொண்டே கொட்டுவார்கள்.

இப்படி அவர் ஒருவர் பதில் போட்டுக்கொண்டிருக்க, குழு வளர்ந்தது. நூறு பேரைத் தாண்டியது. மழைக்காலத்தில் காலையில் போனைத் திறந்தால் படமாகக் கொட்டும். எல்லாம் என் நிர்வாகத் திறமை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். இதை இப்போது எழுதும்போது வெட்கமாகத்தான் இருக்கிறது.

படம் போடுகிறவர்களில் ஸ்டெல்லா ஒருத்தி. வெள்ளக்கடையில் எஸ்டேட் வேலை. கணவனுக்கும் அதே வேலை. இரண்டு பிள்ளைகள். அவள் போன் பழசு. எந்தப் படம் எடுத்தாலும் ஓரத்தில் அவள் கட்டைவிரல் விழும். காளான் மங்கலாகவும் விரல் தெளிவாகவும் இருக்கும். வீட்டில் சிக்னல் கிடையாது. சாலை வளைவில் ஒரு கல் இருக்கிறது, அங்கே வந்து நின்றுதான் அனுப்ப வேண்டும். "பாத்துட்டனுங்க" வந்த பிறகுதான் அவள் கல்லைவிட்டு நகர்வாள் என்று பின்னால் தெரிந்தது. எனக்கு அந்தப் படங்களைக் கண்டால் கை பரபரக்கும். பரீட்சைத் தாளில் கிறுக்கல் கையெழுத்தைப் பார்க்கிற மாதிரி இருக்கும்.

முதலில் புகார் செய்தது விரிவுரையாளர். "டீச்சர், குழு நல்லா இருக்கு. ஆனா போன் நாள் பூரா கிணுகிணுன்னு அடிக்குது. எடுத்துப் பார்த்தா 'பாத்துட்டனுங்க', 'பாத்துட்டனுங்க'. விஷயம் ஒண்ணும் இல்லை. முக்கியமான தகவல் எல்லாம் அடியில போயிடுது." அவர் சொன்னதில் தப்பில்லை என்று எனக்கும் பட்டது. விதி போடச் சொன்னால் எந்த டீச்சருக்குக் கசக்கும்? ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து ஐந்து விதி எழுதினேன். இடமும் தேதியும் குறிப்பிட வேண்டும். மூன்று கோணத்தில் படம் வேண்டும். மங்கலான படம் கூடாது. நான்காவது, 'பார்த்தேன்', 'அருமை' போன்ற தகவலற்ற பதில்களைத் தவிர்க்கவும். ஐந்தாவது, படத்திலோ குறிப்பிலோ தவறு இருந்தால் மட்டும் பதில் எழுதவும்.

ஐந்தாவது விதியைத் திரும்பத் திரும்பப் படித்து ரசித்தேன். சுருக்கமாக, அழகாக இருந்தது.

திங்கட்கிழமை பஸ் ஸ்டாண்டில் என்னைப் பார்த்ததும் ஜீப்பை விட்டு இறங்கி வந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"ஏனுங்க டீச்சர், ஒண்ணு கேக்கலாங்களா? பாத்தாச் சொல்லக் கூடாதுங்களா?"

"பார்த்தா கோடு நீலமாயிடுதேண்ணா. யார் யார் பார்த்தாங்கன்னு அழுத்திப் பார்த்தாத் தெரிஞ்சிடும். தனியா வேற எதுக்கு எழுதணும்?"

"பாத்தது தெரியுமுங்க." கொஞ்சம் யோசித்தார். "என்ன நெனச்சாங்கன்னு தெரியாதுங்களே."

"தப்பா இருந்தா நாங்க சொல்லிடுவோம். சொல்லலைன்னா சரியா இருக்குன்னு அர்த்தம். அவ்வளவுதானே?"

"நீங்க படிச்சவங்க. சரிங்க டீச்சர்," என்று சொல்லிவிட்டுப் போய் வண்டியில் ஏறிக்கொண்டார்.

அவர் கோபித்துக்கொண்டு குழுவைவிட்டு வெளியே போயிருந்தால் எனக்கு உறைத்திருக்கும். அவர் அப்படிச் செய்யவில்லை. விதியை அப்படியே பிடித்துக்கொண்டார். அன்றிலிருந்து ஒரு "பாத்துட்டனுங்க" கூட இல்லை. அழுத்திப் பார்த்தால் ஒவ்வொரு படத்தையும் பார்த்தவர்கள் பட்டியலில் அந்தப் புள்ளி மட்டும் முதலில் இருக்கும்.

முதல் மாதம் எனக்கு நிம்மதியாக இருந்தது. ஒழுங்கான வகுப்பில் நிற்கிற மாதிரி. இரண்டாம் மாதம் படங்கள் பாதியாகின. வெயில் வந்துவிட்டது, காளான் எங்கே இருக்கும் என்று சொல்லிக்கொண்டேன். மழை வந்தது, படம் வரவில்லை. பிள்ளைகளுக்குப் பரீட்சை என்றேன். பரீட்சையும் முடிந்தது. எல்லோரும் ரீல்ஸ் பார்க்கப் போய்விட்டார்கள் என்று ஊர்மேல் பழி போட்டேன். வாரம் ஒரு புதிர் போட்டுப் பார்த்தேன். 'இது என்ன காளான்?' என்று நானே கேட்டு, மூன்று நாள் காத்திருந்து, நானே விடையும் எழுதினேன். எழுபது பேர் பார்த்திருந்தார்கள். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. தப்பு இருந்தால்தானே திறக்க வேண்டும்?

விரிவுரையாளரும் எழுதுவதை நிறுத்திவிட்டார். போனில் கேட்டேன். "என்னவோ டீச்சர், எழுதி எழுதிக் கெணத்துல போடற மாதிரி இருக்கு. யாரும் படிக்கறாங்களான்னே தெரியலை," என்றார். எனக்குச் சுருக்கென்றது. பாதி புரிந்தது என்று சொல்ல ஒரு ஆள் இருந்தாரே, அவரை நிறுத்தச் சொன்னது இவர்தானே? ஆனால் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொன்னால் எழுதிய கை என்னுடையது என்று ஒப்புக்கொள்ள வேண்டும். விதியை மாற்றலாமா என்று அன்றைக்கே தோன்றியது. அடுத்த வாரம் பார்க்கலாம் என்று விட்டுவிட்டேன்.

ஸ்டெல்லா மட்டும் நிறுத்தவில்லை. முன்னைப்போல் அடிக்கடி இல்லை, ஆனாலும் வாரம் ஒன்று வரும். இப்போது இடமும் தேதியும் போட்டுத்தான் அனுப்புவாள். கட்டைவிரல் விழாமல் இருக்கப் பாடுபட்டிருப்பது படத்திலேயே தெரியும்.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான் அனுப்பியிருந்தாள். முந்தின இரண்டு நாளும் மழை கொட்டியிருந்தது. சர்ச்சுக்குள் போகும்போது போனை அணைத்துப் பையில் போட்டவள், ஆராதனை முடிந்து வெளியே வந்து பதினொரு மணிக்குத்தான் திறந்தேன். ஏழரைக்கு வந்த படம். புல்தரையில் வெள்ளை வெளேரென்று ஆறேழு குடைகள், மேலிருந்து எடுத்தது. கீழே, "வெள்ளக்கடை. ஞாயிறு. புத்துக் காளான். குழம்புக்கு."

புத்துக் காளான் கறையான் புற்றை ஒட்டி முளைக்கும். இது எஸ்டேட் பங்களா முன்னால் வெட்டி வளர்க்கிற புல். சுற்றிலும் புற்று இருப்பதாகத் தெரியவில்லை. ஒரு குடை சாய்ந்திருந்ததில் தண்டைச் சுற்றி வளையம் மாதிரி ஏதோ இருந்தது. இந்த மாதிரிப் புல்லில் வருகிற வெள்ளைக் காளான் ஒன்று உண்டு. அடியில் பச்சை ஓடும். தின்றால் குடலைப் புரட்டி எடுத்துவிடும். அதுதானா என்று மேலிருந்து எடுத்த படத்தில் சொல்ல முடியாது. கவிழ்த்துப் பார்த்தால்தான் தெரியும். கவிழ்த்துக் காட்டச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

அழுத்திப் பார்த்தேன். முப்பத்தொரு பேர் பார்த்திருந்தார்கள். விரிவுரையாளரும் பார்த்திருந்தார். அந்தப் புள்ளி மட்டும் பட்டியலில் இல்லை.

ஸ்டெல்லாவுக்குப் போன் போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. மறுபடி போட்டேன். "ஆக்காதே, தொடாதே" என்று அவளுக்குத் தனியாக எழுதினேன். ஒற்றைக் கோட்டோடு நின்றது. பைபிள் கீழே விழுந்ததுகூட எனக்குத் தெரியவில்லை. பக்கத்தில் நின்ற ஒரு அம்மா எடுத்துக் கொடுத்தார். நேராகச் சாலைக்கு ஓடினேன். யாரிடம் வண்டி கேட்பது என்று திரும்பும்போதே அந்த ஜீப் வந்தது. மஞ்சக்குட்டைக்கு ஆள் ஏற்றியிருந்தது. இடம் இல்லாமல் வந்த அந்த ஜீப், எனக்குத் தெரிந்து முதல் முறையாக, ஹாரன் அடித்துவிட்டுப் போகாமல் நின்றது.

"வெள்ளக்கடைக்குத்தானுங்க, டீச்சர்?" என்றார். "இப்பத்தான் பாத்தனுங்க. காத்தால இருந்து மூணு நடை, போனை எடுக்கவேயில்ல. ஏறுங்க."

பின்னால் திரும்பி ஆட்களிடம் சொன்னார். "ஏனுங்க, ஒரு எட்டு வெள்ளக்கடை போய்ட்டுப் போலாங்களா? ஒரு ஊட்ல வெசக் காளானை ஆக்கறாங்களாட்டம் இருக்குது. கொழந்தைக இருக்கற ஊடு."

முன் சீட்டில் இருந்த பெரியவர் பின்னால் போய்ப் படியில் தொற்றிக்கொண்டார். நான் ஏறினேன்.

"குரூப்பில எழுதிப் போட்டிருக்கலாமேண்ணா," என்றேன். என்ன பேசுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

"அந்தூட்ல டவர் கெடையாதுங்க. எழுதுனா எப்பப் போய்ச் சேரும்? ஆளு போறதுதான் வெரசலா இருக்கும்."

மூடுபனி சாலையை மூடியிருந்தது. விளக்கைப் போட்டும் பத்தடிக்கு மேல் தெரியவில்லை. அவர் அத்தனை வேகமாக ஓட்டி நான் பார்த்ததில்லை. பின்னால் ஒரு பெண் ஜெபம் சொல்லிக்கொண்டே வந்தாள். ஒரு வளைவில் யாரோ ஒருவர் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றிருந்தார். அந்த வேகத்திலும் ஹாரனைத் தொட்டார், இடது கையை விரித்தார். எனக்கு ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது.

"இப்ப எதுக்கு இதெல்லாம்? ரோட்டைப் பாருங்க!"

"நிக்கறாருங்களே," என்றார், என் பக்கம் திரும்பாமல்.

என் மடியில் போன் இருந்தது. முப்பத்தொரு பேர் என்ற எண் கண்ணைவிட்டுப் போகவில்லை. முப்பத்தொரு பேரும் ஹாரன் அடிக்காமல்தான் அவள் நின்ற வளைவைத் தாண்டிப் போயிருக்கிறார்கள்.

வீட்டுக்குப் பின்புறம் துவைக்கிற கல்லைப் பிடித்துக்கொண்டு ஸ்டெல்லா குனிந்திருந்தாள். வாந்தி நிற்கவில்லை. கணவன் அவள் முதுகைத் தடவிக்கொண்டு, எங்களைப் பார்த்ததும் என்ன கேட்பது என்று தெரியாமல் நின்றான். அடுப்பில் குழம்புச் சட்டி மூடியிருந்தது. மூச்சு முட்டக் கேட்டேன்.

"பிள்ளைங்க எங்கே? பிள்ளைங்க சாப்பிட்டாங்களா?"

"சண்டே கிளாசுக்குப் போயிருக்குதுங்க," என்றான் அவன். "நானும் இன்னும் திங்கலீங்க. கொழந்தைக வரட்டும்னு இருந்தோம். இவதான் பசிக்குதுன்னு முன்னாலயே ரெண்டு கரண்டி ஊத்தித் தின்னா."

ஜீப்புக்காரர் மூலையில் இருந்த கூடையில் கையை விட்டார். ஆக்காமல் மிஞ்சியிருந்த ஒரு காளானை எடுத்துக் கவிழ்த்தார். அடிமடிப்பு முழுக்க மங்கலான பச்சை. என்னிடம் நீட்டினார். அதைக் காகிதத்தில் சுற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "டாக்டருக்குக் காட்டோணும்."

ஜெபம் சொல்லிக்கொண்டு வந்த பெண் தானாகவே இறங்கிக்கொண்டாள். "நீங்க போங்க. கொழம்பைக் குழி வெட்டிக் கொட்டிட்டு, புள்ளைக வர்ற வரைக்கும் நான் இங்கயே ஒக்காந்துக்கறேன்," என்றாள். ஸ்டெல்லாவைத் தூக்கி ஜீப்பில் படுக்க வைத்தோம். மற்றவர்கள் ஓரமாக ஒண்டிக்கொண்டார்கள். அவள் தலை என் மடியில் இருந்தது. உடம்பு சில்லிட்டு, உதடு வெளுத்துப் போயிருந்தது. கண்ணைத் திறந்து என்னை அடையாளம் கண்டாள்.

"டீச்சர், படம் போட்டனுங்களே," என்றாள்.

"பேசாதே சாமி. படுத்துக்கோ."

"கல்லுமேல அரை மணி நேரம் நின்னனுங்க. நொம்பப் பேரு பாத்தாங்க. யாரும் ஒண்ணும் சொல்லலீங்க. தப்புன்னாத்தானே சொல்லோணும்னு நீங்க போட்டிருந்தீங்க. சொல்லலீன்னதும் நல்லதுதான்னு ஆக்கிட்டனுங்க."

நான் வகுப்பில் எத்தனையோ பாடம் நடத்தியிருக்கிறேன். நான் சொன்னதை இவ்வளவு சரியாகப் புரிந்துகொண்ட ஆளை அதற்கு முன்னால் பார்த்ததில்லை. அவள் நெற்றியைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். என் அழுகையை அந்த ஜீப்பில் இருந்த எல்லோரும் பார்த்தார்கள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் காகிதத்தைப் பிரித்துக் காளானைப் பார்த்தார். உடனே குளுக்கோஸ் ஏற்றினார்கள். "சாயங்காலம் வரைக்கும் பார்க்கணும். ரொம்ப நீர் போயிருக்கு," என்றார். கணவன் உள்ளே கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஜீப்புக்காரர் காத்திருந்த ஆட்களை மஞ்சக்குட்டையில் இறக்கிவிட்டுத் திரும்பி வந்தார். வராந்தா பெஞ்சில் நானும் அவரும் உட்கார்ந்தோம். அவர் கேட்கவும் இல்லை, குறை சொல்லவும் இல்லை. அவர் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

சும்மா இருக்க முடியாமல் போனை எடுத்தேன். விதி போட்ட பிறகு ஸ்டெல்லா அனுப்பிய படங்களைத் தேடினேன். பத்தொன்பது. ஒன்றின் கீழும் ஒரு எழுத்து இல்லை. அதற்கு முன்னால் போனேன். அவள் விரல் விழுந்த பழைய படங்கள், ஒவ்வொன்றின் கீழும் "பாத்துட்டனுங்க." இன்னும் மேலே தள்ளிக்கொண்டே போனேன். எதைத் தேடுகிறேன் என்று தெரியவில்லை. குழு ஆரம்பித்த முதல் வாரத்துக்கே போய்விட்டேன்.

அங்கே ஒரு படம் இருந்தது. ஜீப்பின் பின்சீட்டுப் பலகை, மழைத்தண்ணீர் ஊறிக் கறுத்த விளிம்பு, அதில் விரல்நகம் அளவுக்கு மூன்று ஆரஞ்சு நிறக் காளான்கள். கீழே, "என்ற ஜீப்புப் பலகையில மொளச்சதுங்க. இது என்ன காளானுங்க டீச்சர்?"

அதற்குப் பதில் இல்லை. அடுத்ததாக நான் போட்ட படம் ஒன்று இருந்தது. அதற்குப் பத்துப் பேர் அருமை என்று எழுதியிருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் நான் நன்றி சொல்லியிருந்தேன்.

போனை அவர் பக்கம் திருப்பினேன். "இது நீங்க போட்டதாண்ணா?"

குனிந்து பார்த்தார். "ஆமாங்க."

"என் பேரைச் சொல்லிக் கேட்டிருக்கீங்க. நான் பதிலே போடலையே."

"வேலையா இருந்திருப்பீங்க. ரெண்டு நாளு எடுத்து எடுத்துப் பாத்தேன்." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அதுக்கப்புறந்தானுங்க எல்லாருத்துக்கும் போட ஆரம்பிச்சது."

நாலரை மணிக்கு டாக்டர் வெளியே வந்தார். வாந்தி நின்றுவிட்டது, நாடி சரியாகிவிட்டது, இரண்டு நாள் இருக்கட்டும், பயப்பட ஒன்றும் இல்லை என்றார். உள்ளே போய்ப் பார்த்தோம். ஸ்டெல்லா தூங்கிக்கொண்டிருந்தாள். முகத்தில் நிறம் திரும்பியிருந்தது. கணவன் எங்கள் இரண்டு பேரையும் கும்பிட்டான். என்னை எதற்குக் கும்பிடுகிறான் என்று எனக்கு உடம்பு கூசியது.

மறுபடி பெஞ்சுக்கு வந்து போனைத் திறந்தேன். அந்த மூன்று ஆரஞ்சுக் காளான்களின் கீழே, "பார்த்துவிட்டேன் அண்ணா. அழகாக இருக்கிறது. பெயர் எனக்கும் தெரியவில்லை," என்று எழுதி அனுப்பினேன். பக்கத்தில் அவர் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. எடுத்தார். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். நான் எழுதியதை மெதுவாகப் படித்தார். உதடு அசைவது தெரிந்தது. படித்துவிட்டுப் போனைப் பைக்குள் போட்டுப் பொத்தானை மாட்டிக்கொண்டார்.

நான் காத்திருந்தேன். என் போனில் ஒன்றும் வரவில்லை. இத்தனை நடந்த பிறகு கேட்கக் கூடாதுதான். ஆனாலும் கேட்டேன்.

"பதில் போட மாட்டீங்களாண்ணா?"

"தப்பு ஒண்ணும் இல்லீங்களே டீச்சர்," என்றார்.

ஐந்தாம் விதியை நான் இன்னும் எடுத்திருக்கவில்லை.